சத்தமில்லாத பெட்டி

கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் வைக்கப்போகிறேன் என்று டிகிரி சொன்னதும் கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "குடிக்கவா, குளிக்கவா?" என்றார். கம்ப்யூட்டர் உதிரிபாகம் விற்கிற மனிதர், இப்படி ஒரு சரக்கு இருப்பது தெரியாதவர் இல்லை. அவர் கடைக் கண்ணாடி அலமாரியிலேயே ஒரு ரேடியேட்டர் இரண்டு வருடமாகத் தூசி படிந்து கிடந்தது. தண்ணீர்க் குளிர்விப்பு கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் கலர் கலராக விளக்கு எரிய வேண்டும் என்றுதான் கேட்பார்கள். விளக்கு எரியாவிட்டால் போகட்டும், சத்தம் மட்டும் வரவே கூடாது என்று கேட்டு வந்த முதல் ஆள் இவன்தான்.

டிகிரி என்பது அவன் படித்து வாங்கியது இல்லை. பிரஸ் ஷாப்பில், இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அடித்து வடிவம் கொடுக்கும் வேலையில் இருபத்திரண்டு வருடம் இருந்தான். அச்சில் அரை டிகிரி கோணம் பிசகியிருந்தாலும் பத்தடி தள்ளி நின்று கண்ணாலேயே சொல்லிவிடுவான். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர், வேலை போன பிறகும் போகவில்லை. ஷாப்பை மூடிவிட்டார்கள். இப்போது வீட்டிலேயே உட்கார்ந்து, தகடு எங்கே நீளும், எங்கே சுருங்கும், எங்கே கிழியும் என்று கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்து அச்சு வரைந்து கொடுக்கிறான். ஒரு கணக்கு ஓடி முடிய எட்டு மணி நேரம் ஆகும். அந்த எட்டு மணி நேரமும் பெட்டிக்குள் இருக்கிற ஃபேன்கள் உயிரை விட்டுச் சுற்றும். அந்தப் பெட்டியை அவனே ஒவ்வொரு பாகமாகப் பார்த்துப் பார்த்து வாங்கிப் பூட்டினான். பெற்ற பிள்ளை என்று ஒன்று இல்லாத வீட்டில் அதைத்தான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினான் என்று சொல்ல வேண்டும்.

"யாருக்கு இந்தச் சத்தம் தொந்தரவு?" என்று கேட்டார் கடைக்காரர்.

"வீட்ல" என்றான் டிகிரி.

மனைவி தையல்காரி. போன வருடம் மூளைக்காய்ச்சல் வந்து பதினேழு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள். பிழைத்ததே பெரிய விஷயம் என்று எல்லாரும் சொன்னார்கள். சொல்வது சுலபம். வந்த முதல் நாள் சமையலறையில் ஒரு கரண்டி கை தவறி விழுந்தது, அவள் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். காதில் கோளாறு ஒன்றும் இல்லை, மூளைதான் சின்னச் சத்தத்தையும் பெரிதாக்கிக் காட்டுகிறது, பழகலாம், பழகாமலும் போகலாம் என்று டாக்டர் இரண்டு பக்கமும் சொல்லி வைத்தார். தையல் மெஷின்மேல் துணி போர்த்தியாகிவிட்டது. பஞ்சு வைத்து அடைத்தால் உள்ளே ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்கிறது என்றாள். அவள் பேசுவதும் அவளுக்கே வலித்ததால், குரலை இறக்கி இறக்கி, கடைசியில் மூச்சுக்காற்று அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். "ஆங்? என்ன?" என்று டிகிரி மூன்று தடவை கேட்பான். நாலாவது தடவை அவள் போனில் எழுதிக் காட்டுவாள்.

பெட்டியை இடம் மாற்ற அவன் படாத பாடு இல்லை. பால்கனியில் வைத்தான், சாரல் அடித்து ஒரு மெமரி போயிற்று. குளியலறையில் வைத்தான், கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருக்கக் குளிக்க வேண்டியிருந்தது, அதோடு ஈரம். சமையலறைக்கும் அறைக்கும் நடுவில் இருந்தது வெறும் பலகைத் தடுப்பு, அங்கே வைத்தாலும் ஒன்றுதான், இங்கே வைத்தாலும் ஒன்றுதான். மாடிப்படிக்குக் கீழே வைத்துக்கொள்கிறேன் என்று வீட்டுக்காரரிடம் கேட்டதற்கு, அவர் மீட்டர் பெட்டியைக் காட்டித் தலையாட்டிவிட்டார். ஒரு நாள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தபோது அவள் ஒரு பையில் நாலு புடவையை எடுத்து வைத்துக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். கோபித்துக்கொண்டு போகவில்லை. அழுதுகொண்டே போனாள்.

அது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. வாரம் ஒரு தடவை டிகிரி போய்ப் பார்த்துவிட்டு வருவான். போய் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் அவளுக்குத் தலைவலி வந்து உள்ளே போய்ப் படுத்துவிடுவாள். அவன் பழியை அக்கா வீட்டுக் குக்கர்மேல் போட்டான். விசில் வராத குக்கர் ஒன்று வாங்கிக்கூடக் கொண்டுபோய்க் கொடுத்தான். அக்கா அதை வாங்கி அலமாரிமேல் ஏற்றி வைத்துவிட்டாள்.

இந்த மாதம்தான் இடி விழுந்தது. சகலைக்கு வேலை மாற்றல் வந்துவிட்டது. ரயிலில் இரண்டு நாள் போக வேண்டிய ஊர். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்கிறார்கள். அக்கா நேராகவே சொன்னாள்: "வர ஞாயித்துக்கிழமை விட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வரேன் தம்பி. அர நாள் இருந்து பாக்கட்டும். அவளால முடிஞ்சா அங்கயே இருக்கட்டும். முடியலன்னா எங்ககூட வந்துரட்டும். தனியா விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல." அன்று மாலை மனைவியிடமிருந்து போனில் செய்தி வந்தது. 'எனக்கும் நம்ம வீட்டுக்கு வரணும்னுதான் இருக்கு. சத்தத்த மட்டும் ஏதாவது பண்ணுங்க.'

அந்த ஒரு வரியை டிகிரி எத்தனை தடவை படித்தான் என்பதற்குக் கணக்கு இல்லை. ஏதாவது பண்ணுங்க என்று அவனிடம் சொன்னால் போதும். பண்ணுவதுதான் அவனுக்குக் கைவந்தது. என்ன பண்ண வேண்டும் என்று யாராவது சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

பதினான்கு நாள் இருந்தது. கடைக்காரரிடமிருந்து ரேடியேட்டர், குழாய்கள், சின்னத் தொட்டி, பம்ப், சிப்மேல் உட்காரும் செம்புக் கட்டி எல்லாம் வந்து சேர்ந்தன. கதை பெரிதாக ஒன்றும் இல்லை. சிப் சூடாகிறது. செம்புக் கட்டி அந்தச் சூட்டை வாங்கித் தண்ணீருக்குக் கொடுக்கிறது. பம்ப் தண்ணீரைத் தள்ளி ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. அங்கே மூன்று பெரிய ஃபேன்கள் சாவகாசமாகச் சுற்றி ஆற்றுகின்றன. சின்ன ஃபேன் தலைதெறிக்க ஓடுவதற்குப் பதிலாகப் பெரிய ஃபேன் நடை போடும். சத்தம் இருக்காது.

பழைய ஃபேனைக் கழற்றினான். சிப்பின்மேல் காய்ந்து கிடந்த பசையை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துப் பளிச்சென்று ஆக்கினான். செம்புக் கட்டியின் அடிப்பாகம் அவன் கண்ணுக்கு மட்டமாக இல்லை. வேறு யாராக இருந்தாலும் அப்படியே வைத்துப் பூட்டியிருப்பார்கள். டிகிரி கண்ணாடிப் பலகைமேல் எமரித்தாளை விரித்து, தண்ணீர் தெளித்து, எட்டு போடுகிற மாதிரி தேய்த்தான். தாள் மாற்றி மாற்றி ஒரு முழு நாள் தேய்த்தான். கடைசியில் அதில் அவன் முகம் தெரிந்தது, மூக்கு மட்டும் கொஞ்சம் அகலமாக. பம்ப்பின் அதிர்வு பெட்டிக்கு ஏறக்கூடாது என்று ரப்பர் வெட்டி மெத்தை செய்தான். குழாய்களை வளைவு நெரியாமல் அளந்து வெட்டி, ஒவ்வொரு மூட்டையும் கையால் இறுக்கி, அதற்குப் பிறகு கால் சுற்று ஸ்பேனரால் இறுக்கினான். பிரஸ் ஷாப் மேஸ்திரி பார்த்திருந்தால் முதுகில் ஒரு தட்டு தட்டியிருப்பார்.

தண்ணீர் ஊற்றுகிற நாள் வந்தது. கரண்ட் இருக்கிற இடத்தில் வேண்டுமென்றே தண்ணீரைக் கொண்டுபோய் வைப்பதை எந்தத் தைரியசாலியும் யோசித்துத்தான் செய்வான். எல்லா மூட்டுக்கும் கீழே டிஷ்யூ பேப்பரைச் சுற்றி வைத்தான். போர்டுக்குக் கரண்ட் போகாமல், பவர் வயரில் இரண்டு முனைகளை ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்து, பம்ப்பை மட்டும் ஓடவிட்டான். தொட்டியில் தண்ணீர் இறங்கியது. குழாயில் குமிழ்கள் ஓடின. காற்று வெளியேறுவதற்காகப் பெட்டியைத் தூக்கி, முன்னும் பின்னும் சாய்த்து, கைக்குழந்தைக்கு ஏப்பம் வரவைப்பது மாதிரி முதுகில் தட்டினான். ஒரு நாள் முழுக்க அப்படியே ஓடவிட்டு, மணிக்கு ஒரு தடவை பேப்பரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

கிளிப்பை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் முறையாக இணைத்தான். பெரிய கணக்கு ஒன்றைப் போட்டான். சூடு மெல்ல ஏறி ஓர் இடத்தில் நின்றது. அடுத்து ஃபேன்களின் வேகத்தைக் குறைக்க ஆரம்பித்தான். காதைப் பெட்டியோடு வைத்துக் கேட்டுக் கேட்டுக் குறைத்தான். ஃபேன் குறைந்ததும் சூடு கொஞ்சம் ஏறியது. அதைச் சமாளிக்கப் பம்ப்பின் வேகத்தைக் கூட்டினான். பம்ப்பிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. இன்னும் கூட்டினான், அப்போதும் வரவில்லை. எவ்வளவு நல்ல பம்ப் என்று நெகிழ்ந்துபோய் அதை முழு வேகத்திலேயே விட்டுவிட்டான். அவனுக்குக் கேட்டதையெல்லாம் அடக்கினான், கேட்காததைத் தறிகெட்டு ஓடவிட்டான். அதில் என்ன தப்பு இருக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அறையே அமைதியாக இருந்தது. போனில் சத்தம் அளக்கிற செயலியைப் போட்டுப் பெட்டி பக்கத்தில் வைத்தான். முப்பத்திரண்டு டெசிபல் காட்டியது. பெட்டியை அணைத்துவிட்டுப் பார்த்தான், முப்பத்தொன்று. டிகிரி நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அழுகை வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. ஐந்து மாதத்தில் அவனுக்கு முதல் தடவையாகப் பசித்தது. 'வா. பெட்டி இருக்கிறதே தெரியாது' என்று செய்தி அனுப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு டாக்ஸி வந்தது. அதற்குள் ஃபிரிட்ஜை அணைத்து, சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றி, குழாய் சொட்டும் சத்தம் கேட்காமல் கீழே துணி வைத்து, கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டிருந்தான். அக்கா முன்னால் வந்தாள். பின்னால் மனைவி, சால்வையால் தலையைச் சுற்றிக்கொண்டு, படிக்கட்டில் ஒவ்வொரு படியாகக் காலை வைத்து ஏறி வந்தாள். மெலிந்திருந்தாள்.

"வா வா! உள்ள வா! இப்ப ஓடிட்டிருக்கு, தெரியுதா? பெரிய கணக்கு ஓடுது!" என்றான் டிகிரி.

அவள் கண்ணை ஒரு நிமிடம் மூடித் திறந்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். துணி போர்த்திய தையல் மெஷினை ஒரு தடவை தொட்டாள். கட்டிலில் உட்கார்ந்து, சால்வையை அவிழ்த்து, தெருச் சத்தத்துக்காக வேறு வழியில்லாமல் காதில் வைத்திருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தாள். டிகிரி அவள் முகத்தையே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். பஞ்சை எடுத்த உடனே அவள் புருவம் சுருங்கியது. ஏதோ சொன்னாள்.

"ஆங்?"

"என்னமோ கத்துதுங்கறா" என்றாள் அக்கா. தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ஆமா தம்பி. கொசு மாதிரி, நீளமா. எனக்கே கேக்குதே" என்றாள்.

"எங்க? ஒண்ணுமே இல்லையே!"

"இதோ, இந்தப் பெட்டியிலதான்."

டிகிரி குனிந்து காதை வைத்தான். பெட்டி மலை மாதிரி அமைதியாக இருந்தது. அவனுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பதினான்கு நாள் உழைப்பு, முப்பத்திரண்டு காட்டிய போன், இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு இல்லாததை இருக்கிறது என்கிறார்கள். வரவேண்டாம் என்று முடிவு பண்ணிக்கொண்டே வந்திருக்கிறார்களோ என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. அந்த நினைப்புக்காக அவன் பிற்பாடு தன்னையே திட்டிக்கொண்டான். ஆனால் வந்தது வந்ததுதான்.

"சரி, சோதிச்சுப் பாத்துருவோம்" என்றான். சோதித்துப் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ளாதவன் அவன்.

மனைவியைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னான். ஓடுகிற கணக்கை நிறுத்திவிட்டு, பம்ப்பை மட்டும் நிறுத்தவும் ஓட்டவும் வசதி செய்துகொண்டான். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும், நின்றால் இறக்க வேண்டும். மவுஸின் கிளிக்கை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று, எதையும் மாற்றாதபோதும் நடுநடுவே சும்மா ஒரு கிளிக் செய்தான். அவள் விரல் ஏறியது, இறங்கியது. சும்மா கிளிக் செய்தபோது அசையாமல் நின்றது. ஐந்து சரி. ஆறு சரி. ஒரு தடவையாவது தப்பாகச் சொல்லமாட்டாளா என்று அவன் மனசு அடித்துக்கொண்டது. ஏழு, எட்டு, ஒன்பது. பத்தாவது தடவை அவன் வேண்டுமென்றே ரொம்ப நேரம் காக்கவைத்து, கடைசியில் பம்ப்பை நிறுத்தினான். அதே நொடியில் விரல் இறங்கியது.

"இப்ப நீங்க உக்காருங்க தம்பி" என்றாள் அக்கா.

எதை அழுத்த வேண்டும் என்று அக்காவுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டு, டிகிரி போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். சுவரில் முன்பு எப்போதோ ஆணி அடித்து எடுத்த ஓட்டை ஒன்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு கேட்டான். கிளிக் சத்தம்கூட ஒன்றிரண்டு தடவைதான் கேட்டது. உயிரைக் கொடுத்துக் கேட்டான். விரலைத் தூக்குவதற்கு ஒரு காரணமும் வரவில்லை. ரொம்ப நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது அக்கா மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மார்க் எவ்வளவு என்று அவள் சொல்லவும் இல்லை, அவன் கேட்கவும் இல்லை.

இருபத்திரண்டு வருடம். நிமிடத்துக்கு நாற்பது அடி அடிக்கிற பிரஸ். காதுக்கு மூடி கொடுத்திருந்தார்கள், சோதனைக்கு அதிகாரி வருகிற அன்றைக்கு மட்டும் எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள். மற்ற நாளில் மாட்டினால் பக்கத்தில் இருப்பவன் கிண்டல் செய்வான். கிண்டல் செய்தவர்களில் டிகிரியும் ஒருவன்.

ஆனாலும் அவன் தளர்ந்துவிடவில்லை. சத்தம் எங்கே என்று தெரிந்துவிட்டது, தெரிந்துவிட்டால் வேலை பாதி முடிந்த மாதிரி. "பம்ப்பக் கொறைக்கறேன், நீ சொல்லு" என்றான். குறைத்தான். அவள் கையால் இன்னும் என்று காட்டினாள். குறைத்தான். இன்னும். வலியில் அவள் கண்ணோரம் நீர் கசிந்தது, ஆனாலும் பஞ்சை வைத்துக்கொள்ளாமல் உட்கார்ந்து கேட்டாள். அவன் காதுக்கு எட்டாததை அவள் காதால் கேட்டு, அவன் கையால் திருத்தினார்கள். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் இப்படிச் சேர்ந்து ஒரு வேலையை அவர்கள் செய்ததே இல்லை. பாதி வேகத்துக்கும் கீழே வந்தபோது அவள் கை நின்றது. தலையைச் சாய்த்தாள். முகத்தில் இருந்த சுருக்கம் ஒவ்வொன்றாகப் பிரிந்தது.

"நின்னுடுச்சுங்கறா" என்றாள் அக்கா. "ஆமா, எனக்கும் கேக்கல."

டிகிரி கணக்கை மறுபடி ஓடவிட்டு, கண் கொட்டாமல் சூட்டைப் பார்த்தான். ஏழு டிகிரி ஏறியது, நின்றது. தாங்கும். தாராளமாகத் தாங்கும். பெட்டி ஓடுகிறது, அறையில் ஒரு சத்தம் இல்லை, இந்தத் தடவை நிஜமாகவே இல்லை.

"பாத்தியா!" என்று குதித்து எழுந்தான். "நான் சொன்னேன்ல! முடியும்னு சொன்னேன்ல!"

அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலில் சுருண்டுவிட்டாள். அக்கா ஓடிப்போய் அவள் தலையைத் தன் மடியில் அழுத்திக்கொண்டாள். டிகிரி, "என்ன ஆச்சு? மறுபடி பம்ப்பா? பம்ப் கத்துதா?" என்று கேட்டுக்கொண்டு பெட்டியைப் பார்க்க ஓடினான்.

"தம்பி!" என்றாள் அக்கா. வாயில் விரலை வைத்துக் காட்டினாள். "கம்ப்யூட்டர் இல்ல. நீங்கதான்."

"நான் என்ன பண்ணேன்?"

"இப்பக்கூட கத்தறீங்க. உங்களுக்குத் தெரியல. எங்க வீட்டுக்கு வரப்பவும் இப்படித்தான். நீங்க வந்துட்டுப் போனா ரெண்டு நாளைக்கு அவ எழுந்திரிக்க மாட்டா. சொல்லாதேன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா."

சாதாரணமாகத்தானே பேசுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான். பெட்டிக்குப் பதினான்கு நாளாக அவன் செய்த அத்தனையும் ஒரு நொடியில் பல் இளித்தன. தேய்த்துத் தேய்த்து முகம் பார்த்த செம்பு, ரப்பர் மெத்தை, கடிகாரத்தில் கழற்றிய பேட்டரி. வீட்டிலேயே பெரிய சத்தம் எது என்று அவனைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மனைவி மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். அவள் உதடு அசைவதைப் பார்த்துப் பார்த்து, அக்கா எடுத்துச் சொன்னாள். "ஃபேன் சத்தத்துக்கு மேல பேசிப் பேசித்தான் உங்களுக்கு இப்படி ஆயிடுச்சுன்னு நினைச்சாளாம். ஃபேன் நின்னா உங்க குரலும் தானா எறங்கிடும்னு நினைச்சாளாம். அதான் உங்ககிட்ட அத மட்டும் சொன்னாளாம்."

"எங்கிட்டயே நேரா சொல்லிருக்கலாமே."

அவள் அவனையே பார்த்து, அவனுக்குப் புரிகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக உதட்டைப் பிரித்துச் சொன்னாள். "கம்ப்யூட்டர்னா மாத்தலாம். உங்கள என்னன்னு மாத்தச் சொல்றது?" சொல்லிவிட்டு அழுதாள். அழும்போதும் சத்தம் வராமல் பார்த்துக்கொண்டாள். "முன்னாடியெல்லாம் எனக்கு அது பிடிக்கும். தெருமுனையிலயே உங்க குரல் கேட்டுரும். நான் அடுப்பப் பத்த வைப்பேன்."

டிகிரி அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தான். "கொறைச்சுக்கறேன்" என்றான். அவள் முகம் சுளித்தது. இன்னும் இறக்கி, "கொறைச்சுக்கறேன்" என்றான். இன்னும் என்று கை காட்டினாள். பம்ப்புக்குக் காட்டிய அதே கை. ரகசியம் பேசுகிற மாதிரி சொன்னான். இன்னும். சொல்லுகிற சொல் தன் காதுக்குச் சுத்தமாக வராத அளவுக்கு இறக்கினான். தொண்டையில் ஏதாவது அசைகிறதா என்று கையை வைத்துப் பார்த்துக்கொண்டுதான் பேச வேண்டியிருந்தது. அப்போதுதான் அவள் தலையசைத்தாள். அதுதான் அவளால் தாங்க முடிகிற அளவு.

அந்த அளவிலேயே, கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு, அவன் கெஞ்சினான். நாளைக்கே காதுக்கு மெஷின் வாங்கிக்கொள்கிறேன் என்றான். வாயையே திறக்கமாட்டேன் என்றான், எல்லாவற்றையும் எழுதிக் காட்டுகிறேன் என்றான். வேலைக்கு வருகிற போனையெல்லாம் தெருவுக்குப் போய்ப் பேசுகிறேன் என்றான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவனுக்குத் தும்மல் வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அவள் மறுபடி சுருண்டாள்.

எழுந்தபோது அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவன் அதோடு மல்லுக்கட்டியிருப்பான். "மெஷின் வைங்க" என்றாள், மெதுவாக உதட்டைப் பிரித்து. "உங்களுக்காக வைங்க. நான் இங்க இருந்தா நீங்க எப்ப மறப்பீங்கன்னு நான் ஒவ்வொரு நிமிஷமும் காத்துக்கிட்டே இருக்கணும். அந்தக் காத்துக்கிட்டு இருக்கறத என்னால தாங்க முடியல. நீங்களும் உங்க வீட்லயே திருடன் மாதிரி நடக்கணும். எத்தன வருஷம்?"

எத்தனை வருடம் என்றாலும் சரி என்பதுதான் அவன் பதில். அதை எந்த அளவில் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அவள் பஞ்சை வைத்துக்கொள்ளாமலே சால்வையைச் சுற்றிக்கொண்டாள். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்று, கண்ணாடி வழியாகக் குழாயில் தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாமல் ஓடுவதைப் பார்த்தாள். அதன்மேல் கையை வைத்தாள். "நல்லா பண்ணிருக்கீங்க" என்றாள். இது அவனுக்கு உதட்டைப் பார்க்காமலே புரிந்தது. அக்கா கதவைத் திறந்தாள்.

படிக்கட்டின் மேல்படியில் அவன் நின்றான். அவர்கள் இறங்கினார்கள். அக்கா முன்னால், மனைவி பின்னால், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக. அவன் வழக்கமாகக் கூப்பிடுகிற மாதிரி ஒரு தடவை கூப்பிட்டால் தெருமுனை வரைக்கும் கேட்கும், கீழே காத்திருந்த டாக்ஸிக்காரன்கூட வண்டியை அணைத்துவிடுவான். டிகிரி தொண்டையில் கையை வைத்துக்கொண்டான். அவள் காட்டிக்கொடுத்த அளவுக்குக் குரலை இறக்கி, "போகாத" என்றான்.

விரலுக்கு அடியில் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. அசையாத மாதிரியும் இருந்தது. அவள் திரும்பவில்லை. அடுத்த படியில் காலை வைத்தாள், அதற்கடுத்த படியில் வைத்தாள். இன்னொரு தடவை சொன்னான். அவள் கீழே போய்ச் சேர்ந்து, வாசல் வெளிச்சத்தில் இறங்கிவிட்டாள்.

அவளை முன்னால் விட்டு, அக்கா மட்டும் படியடியில் நின்று நிமிர்ந்து பார்த்தாள். ஏதாவது சொன்னீர்களா என்று முகவாயை உயர்த்திக் கேட்டாள். டிகிரி இல்லை என்று தலையாட்டினான்.